மூடக் கற்றுக்கொடுத்தவன்

1

பினாங்குத் துறையில் நான் கப்பலை விட்டு இறங்கி இந்த மாசியோடு பத்து வருடம் முடிகிறது. பத்து வருடம் முடித்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதுகிறார்கள். ரப்பர் மரத்தின் பாலையும் சீனர்களின் புத்தாண்டையும் வர்ணிக்கிறார்கள். கடைசியில் பிறந்த மண்ணை நினைத்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அந்தக் கண்ணீர் வருவதில்லை. ஊரை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாக வருகிறது.

பேராக் பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் காரில் வந்து போவார். மற்ற நாட்களில் புண் கட்டுவது, ஊசி போடுவது, காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா கொடுத்து அதை விழுங்கினார்களா என்று வாயைத் திறந்து பார்ப்பது எல்லாம் நான்தான். ஆபீசில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தலைமைக் கிளார்க். என் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு.

"உங்கட ஊரில எல்லாத்துக்கும் 'ங்க' போடுவியள் என்ன? மாட்டுக்கும் போடுவியளோ?"

"மாடு கோபித்துக்கொள்ளாது. அதற்குப் போட வேண்டியதில்லை" என்றேன்.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஈப்போவில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே. ஆடி மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியவர். வாசலில் தலை தெரிந்ததும் நானும் என் மனைவியும் எழுந்து "வாங்க" என்றோம். ஒன்பது வயது மகள் சரோஜா தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி "ஹலோ அங்கிள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். அவள் தமிழில் பேசுவதே அம்மாவிடம் சோறு கேட்கும்போதுதான்.

வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"ஏனுங்க, கொளந்தை வாங்கன்னு சொல்லாதுங்களா?"

என் மனைவி மகளின் தொடையில் கிள்ளினாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "விடு. அவள் யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று கத்திவிட்டேன். விருந்தாளி முன்னால் நான் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழக்கம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு உறவு வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக, வந்தவர் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஆகாது. காய்ச்சலில் கிடப்பவனும் தலையைத் தூக்கிச் சொல்வான். பேச்சு வந்த குழந்தைக்கு முதலில் பழக்குவது அதைத்தான். யாராவது ஒருவர் சொல்லாமல் விட்டால் வந்தவர் அப்படியே திரும்பிப் போவார், பிறகு வரமாட்டார். வரப்புத் தகராறில் கோர்ட் ஏறியவர்கள் மறுபடி சேர்ந்து நான் பார்த்திருக்கிறேன். "வாங்க" சொல்லாததில் பிரிந்தவர்கள் சேர்வது அபூர்வம்.

விருந்தாளி சமாதானமாகிக் காபி குடித்தார். ஊர்க் கதைகள் சொன்னார். நடுவில் அவராகவே ஆரம்பித்தார்.

"உங்க ஊர்ல ஒரு பொம்பளை பெத்த புள்ள தொண்டையில பஞ்சை வெச்சு அடைச்சுப் போட்டாளாமாங்க. ஆசுபத்திரியிலயே. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? இப்பவும் அவளை ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்க உடறதில்லைங்களாமா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண் என் அக்கா. பெயர் நல்லம்மாள். அடைத்தது அவள் கை. அடைத்தால் என்ன நடக்கும் என்று காட்டிக்கொடுத்தவன் நான். இதை நான் ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதினோரு வருடமாக அவள் தலையில் இருக்கிற பழி பாதிக்குமேல் என்னுடையது. அதை இப்போதாவது இறக்கி வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் எழுதுகிறேன். ரப்பர் மரத்தைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள்.

2

விருந்தாளி வந்துபோன மூன்றாம் நாள் நல்ல மழை. அன்று டாக்டர் தோட்டத்தில் இருந்தார். அது மட்டும்தான் அதிர்ஷ்டம். பால் வெட்டுகிற அஞ்சலை என்பவள் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூலிகள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஓடிவந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை பெயர் தனம். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவற்பழ நிறம்.

தொண்டையைப் பார்த்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார். தொண்டை அடைப்பான். சாம்பல் நிறத்தில் ஒரு தோல் வளர்ந்து மூச்சு வழியை மூடியிருந்தது. பட்டணத்துக்குப் போகிற பாலத்தின்மேல் தண்ணீர். டாக்டர் அங்கேயே கழுத்தைக் கீறி, மூச்சுக்குழலில் வெள்ளிக் குழாயை வைத்தார். புஸ்ஸென்று ஒரு காற்று, கொஞ்சம் இரத்தம், சளி. பிறகு குழந்தையின் உதடு சிவந்தது. சீரம் ஊசியும் போட்டார்.

"உன் சர்ட்டிபிகேட்டில் இந்த வேலையைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது? நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுதியிருக்கிறது. "தொண்டைக் குழாய் வைத்த நோயாளிகளைக் கவனிப்பதில் மிகுந்த அக்கறை உள்ளவர்." அதைக் காட்டித்தான் இந்த நாட்டில் வேலை வாங்கினேன். அந்த வரியை வாசிக்கும் ஒவ்வொருவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

3

அந்த வேலையை நான் படித்தது சேலத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். விவசாயக் குடும்பத்துப் பையன் பிறத்தியார் சளியைத் துடைக்கப் போனதில் என் அப்பாவுக்கு முதலில் அவமானம். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு ஊருக்கு வந்த நாள் முதல் பெருமை. "எம்பையன் கெவுருமெண்டு டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிறான்" என்பார். அது மிஷன் ஆஸ்பத்திரி என்று நான் திருத்தியதில்லை.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நடந்தது புரியும். குழாய் ஒன்றல்ல, இரண்டு. வெளிக்குழாய் கழுத்தில் நாடாவால் கட்டியிருக்கும். அதைத் தொடக் கூடாது. அதற்குள் ஒரு சின்ன உள்குழாய். சளி காய்ந்து அடைப்பது அந்த உள்குழாயில்தான். கொக்கியைத் திருப்பி இழுத்தால் அடைப்போடு வெளியே வந்துவிடும், வெளிக்குழாய் வழியாக மூச்சு ஓடும். இரண்டு மணிக்கொரு தரம் அதை எடுத்துச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பப் போட வேண்டும். இடையில் சளி கொரகொரத்தால் கொதித்து ஆறிய புறா இறகை உள்ளே விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும். குழாய் வாயில் எப்போதும் ஈரமான மெல்லிய வலைத்துணி. பக்கத்தில் கெட்டிலில் நீராவி. பஞ்சு மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது, மூச்சு அதை உள்ளே இழுத்துவிடும். இதெல்லாவற்றையும்விட முக்கியம் காது. ஈரச் சத்தம் நல்லது. விசிலடிக்கிற மாதிரிக் காய்ந்த சத்தம் வந்தால் ஓட வேண்டும்.

இன்னொன்று. குழாய் வைத்த குழந்தைக்குக் குரல் கிடையாது. காற்று குரல்வளைக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியேறிவிடுகிறது. அழுதால் கண்ணீர் மட்டும் வரும். வாய் கோணும், சத்தம் வராது. பெற்றவர்களுக்கு அந்தக் காட்சியைத் தாங்க முடிவதில்லை.

என் அக்காள் மகள் பாவாயிக்கு ஆறு வயதில் அதே நோய் வந்தது. வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். பெரிய டாக்டரம்மா குழாய் வைத்தார். எங்கள் வார்டில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே போட்டார். ஐந்து நாள் நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பாவாயி பிழைத்துக்கொண்டாள். கஞ்சி குடித்தாள். இறகைப் பார்த்தால் தானே மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் மச்சான் வார்டுக்குள் வந்தார். அக்காள் புருஷன், நல்ல உழைப்பாளி, பிடிவாதக்காரர்.

"மாப்ளே, அஞ்சு நாளா ஒரு வார்த்தை பேசுலியே. ஊமையாப் போச்சாட்டம் இருக்குது."

"குழாய் எடுத்தா பேசுவாளுங்க மச்சான். இன்னும் நாலு நாள்."

"அப்புடித்தான் சொல்லுவீங்க. கழுத்துல ஓட்டையைப் போட்டுப்போட்டு ஊமைப் புள்ளையைக் கையில குடுத்தா நான் அதை எவனுக்குக் கட்டிக் குடுக்கறது? போதும். ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறோம். அங்க மந்திரிச்சுக்கலாம்."

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, எதாச்சும் பண்ணு சாமி. இவரு தூக்கிக்கிட்டுப் போயிருவாரு. அங்க வெச்சு எம்புள்ள செத்துப்போயிருவா."

ஊருக்கு எடுத்துப் போனால் சாவு நிச்சயம். டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார், மாலைதான் வருவார். அதற்கு முந்தின நாள் அவர் செய்து பார்த்த ஒரு சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். குழாய் வாயை விரலால் ஒரு நொடி மூடினார். பாவாயிக்கு மூச்சு மேல்வழியாகக் கொஞ்சம் போயிற்று. "தோல் கரைகிறது, இன்னும் முழுக்க இல்லை. இதை என்னைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

நான் செய்தேன். ஈரத்துணியை விலக்கி, என் விரலைக் குழாய் வாயில் வைத்து, "அப்பா வந்திருக்காருல்ல, சொல்லு சாமி" என்றேன்.

பாவாயி அப்பனைப் பார்த்தாள். கரகரவென்று, தகரத்தை உரசுகிற குரலில், "வாங்கப்பா" என்றாள்.

மச்சான் சுவரோடு சாய்ந்து அழுதார். அந்த முரட்டு மனிதர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். குழந்தையை எடுத்துப் போகிற பேச்சு அத்தோடு நின்றது. எனக்கு உள்ளூர ஒரே கர்வம். டாக்டரம்மாவால் ஆகாததை ஒரு விரலால் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா கேட்டாள்: "எப்புடித் தம்பி பண்ணுன?" அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அடுத்த நாளே பாவாயி தன் விரலை வைத்துத் தானே பேசப் பழகிக்கொண்டாள்.

4

இங்கே அஞ்சலையும் அதையே கேட்டாள். இரண்டாம் நாள் காலை கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தவள், மகள் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னா சாமி, எம் பொண்ணு இனிமே பேசவே பேசாதா?"

என் விரல் துடித்தது உண்மை. ஒரு நொடி மூடினால் போதும், அந்தத் தாய் சிரித்துவிடுவாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பேசும். குழாய் எடுத்த பிறகு. அதுவரைக்கும் நீ அதன் குரலைக் கேட்க வேண்டாம், மூச்சைக் கேள்" என்றேன்.

என்னிடம் வேறொரு பழைய குழாய் இருந்தது. அதை அவள் கையில் கொடுத்தேன். கொக்கியைத் திருப்பு, உள்குழாயை இழு, மறுபடி போடு. மறுபடி எடு. ரப்பர்ப் பால் கத்தி பிடித்துப் பழகிய கை, சீக்கிரம் வந்துவிட்டது. ஆனாலும் விடாமல் செய்யச் சொன்னேன். அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"தெரிஞ்சிபோச்சி சாமி. எத்தினி தரம் செய்ய சொல்ற?"

"நீ தூக்கத்தில்கூடச் செய்கிற வரைக்கும்."

ஆபீசில் கிளார்க் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். கூலிப் பெண்ணிடம் ஆஸ்பத்திரிச் சாமானைக் கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. பதில் இரண்டு பிரதிகளில் வேண்டுமாம். எழுதவில்லை. காகிதத்துக்குப் பதில் எழுதப் போய் ஒரு குழந்தையை விட்டவன் நான்.

5

அது பாவாயியின் ஏழாவது நாள். சேலத்துப் பக்கம் தொண்டை அடைப்பான் பரவுகிறதென்று ஜில்லாவிலிருந்து யாரோ விவரம் கேட்டிருந்தார்கள். எத்தனை பேர், எந்த ஊர், என்ன சாதி, எத்தனை ஊசி என்று மூன்று பிரதிகளில் கட்டம் போட்டு எழுத வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் வேண்டும் என்று ஆள் வந்து நின்றான். வார்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு வேப்ப மரம்தான் தூரம். உள்குழாயைக் கழுவிப் போட்டுவிட்டு, "விசில் மாதிரிச் சத்தம் வந்தா என்னைக் கூப்பிடு" என்று அக்காவிடம் சொல்லிப் போனேன். பாட்டில்கள் துடைப்பதற்காக எடுத்த பஞ்சு தட்டிலேயே கிடந்தது. அதை அப்புறப்படுத்தவில்லை.

நான் போனதும் ஊரிலிருந்து இரண்டு வண்டியில் சனம் வந்தது. மச்சானின் அண்ணனும் அவர் மனைவியும் முன்னால். அந்த அண்ணன் குடும்பம் இரண்டு வருடமாக அக்கா வீட்டு வாசல் மிதிக்கவில்லை. காரணம், ஒருநாள் அவர் மனைவி வந்தபோது அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதாங்குழல் வாயில் இருந்தது. "வாங்க" சொல்லவில்லை. அவ்வளவுதான். அதற்காக அக்காவை மச்சான் எத்தனையோ நாள் அடித்திருக்கிறார். இப்போது குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களாகவே வந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்பது எங்கள் பக்கத்தார் எல்லாருக்கும் விளங்கும்.

பிறகு நடந்ததை மச்சானும் மற்றவர்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவாயி விரலை வைத்து ஒவ்வொருவருக்கும் "வாங்க" சொன்னாள். பதினோரு பேர். பாதியில் களைத்துவிட்டாள். விரல் வழுக்கியது, குரல் பிசிறியது. அண்ணன் மனைவி, "என்ன சொல்றான்னே தெரியிலியே. நாங்க வந்தது புள்ளைக்கும் புடிக்கிலியாட்டம் இருக்குது" என்றாளாம்.

அக்கா பதறிப்போனாள். "அப்புடியெல்லாம் இல்லீங்கக்கா. இப்ப நல்லாச் சொல்லுவா பாருங்க" என்று தட்டிலிருந்த பஞ்சைக் கிள்ளி உருட்டிக் குழாய் வாயில் வைத்தாள்.

பாவாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெளிவாக, "வாங்க பெரியப்பா, வாங்க பெரியம்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மனைவி குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இரண்டு வருடப் பகை அந்த இடத்தில் தீர்ந்தது. அடுத்த மூச்சை இழுக்கும்போது பஞ்சு உள்ளே போய்விட்டது.

குழந்தையால் கத்த முடியாது. கட்டிலை அடித்தாள். சாமி வந்திருக்கிறது என்று ஒருத்தி விபூதி தேடினாள். அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு ஓடி வந்தாள். நான் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்குழாயை இழுத்தேன். பஞ்சும் சளியும் அதோடு வந்தன. இறகை விட்டேன். மார்பை அமுக்கினேன். குழாயில் வாய் வைத்து ஊதினேன். நேரமாகிவிட்டிருந்தது.

அந்தக் கொக்கியைத் திருப்பி இழுக்க ஒரு நொடி போதும். அக்கா கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு மூடக் கற்றுக்கொடுத்தேன், திறக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. மூடினால் கை தட்டுவார்கள், திறந்தால் சளிதான் வரும். அதனால்தானோ என்னவோ எனக்கு அது தோன்றவே இல்லை.

6

சாயங்காலம் டாக்டரம்மா விசாரித்தார். எல்லாரும் நின்றோம். அவர் தமிழ் புத்தகத் தமிழ்.

"மூடினால் பேசலாம் என்று இந்தத் தாய்க்கு யார் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"யாரும் சொல்லுலீங்கம்மா. நானாத்தான் பண்ணுனேன். எந்தம்பி ஆபீசுல இருந்தானுங்க. அவனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மச்சானும் தரையைத்தான் பார்த்தார். என் விரல் குழாயை மூடியதை அவர் கண்ணால் பார்த்தவர். ரிஜிஸ்டரில், "உறவினரின் அறியாமையால்" என்று எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்திலேயே எழுதினேன்.

அடுத்த வருடமே மச்சான் வேறு பெண் கட்டிக்கொண்டார். அக்கா எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு மலாயாவில் வேலை இருக்கிறதென்று தகவல் வந்தது. டாக்டரம்மா நல்ல மனதோடு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அந்த மிகுந்த அக்கறை பற்றிய வரி அதில்தான் இருக்கிறது. புறப்பட்ட அன்று அக்கா வாசலுக்கு வரவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவன் எதிரில் அவள் வரக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் "கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டி ஏறிவிட்டேன்.

7

தனத்துக்கு ஐந்தாம் நாள். காலை பத்து மணிக்குப் பால் நிறுக்கிற கொட்டகையில் ஒருவன் கையை வெட்டிக்கொண்டான் என்று ஓடினேன். கட்டுப்போட்டுத் திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே வார்டில் கூட்டம் தெரிந்தது. ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு போனேன்.

தனம் ஈரச் சத்தத்தோடு நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலை கையில் உள்குழாய். அதன் நுனியில் காய்ந்த சளி உருண்டை.

"விசிலாட்டம் சத்தம் வந்திச்சி சாமி. நீ இல்ல. புடுங்கிட்டேன். தப்பா?"

"தப்பில்லை" என்றேன். குழாயை வாங்கிக்கொண்டு கழுவுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதினோரு வருடத்தில் பாவாயிக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அன்றே கடிதம் எழுதினேன். தம்பி பழனிச்சாமிக்கு. அப்பா காலமான பிறகு வீடு அவன் பொறுப்பு. நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். விரல் வைத்தது, கற்றுக்கொடுத்தது, பஞ்சை விட்டுப் போனது, தரையைப் பார்த்தது. இங்கே ஓர் ஆத்தூர்க்காரி தன் பிள்ளையை இழுத்துப் பிடித்ததையும் எழுதினேன். மச்சானையும் அவர் அண்ணனையும் பெரியவர்களையும் உட்காரவைத்து வாசித்துக்காட்டு, அக்காவை முன்னால் நிற்கவை, என்று முடித்தேன்.

ஐரோப்பாவில் சண்டை நடக்கிற காலமாதலால் கடிதமெல்லாம் தணிக்கைக்குப் போகிறது. எந்த மொழி என்று உறைமேல் எழுத வேண்டும். தபாலாபீசில் இருந்தவர் எடை பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா? குடும்ப விஷயம்தானே?" என்றார். குடும்ப விஷயம்தான். என் குற்றத்தை முதலில் படித்த மனிதர் யாரோ ஒரு தணிக்கைக்காரர். முத்திரை குத்தி ஒட்டி அனுப்பிவிட்டார்.

8

பதில் இந்த மாசியில் வந்தது. தம்பி எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"அண்ணனுக்கு. உங்க கடுதாசியை நீங்க சொன்னபடி மச்சானையும் அவரு அண்ணன் பெரியவரையும் வரச் சொல்லிப் படிச்சேன். மச்சான் பாதியிலயே எந்திரிச்சிட்டாருங்க. இதெல்லாம் தெரிஞ்ச சேதிதானே, இப்ப எதுக்குக் கெளர்றாருன்னு கேட்டாரு. ஆமாங்கண்ணா. அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். பாவாயியைப் பொதைச்ச மூணாம் நாளே அக்கா அப்பாகிட்ட அழுதுக்கிட்டே சொல்லிப்போட்டா. அப்பாதான் வெளிய உடக் கூடாதுன்னாரு. ஆம்பளைப் புள்ள உத்தியோகம் போயிரும், பொம்பளை பேரு எப்புடியோ கெட்டுது கெட்டதாவே இருக்கட்டுமுன்னாரு. பெரியவருக்கும் தெரியும். மச்சான் நேர்லயே பார்த்தவரு, தெரிஞ்சுதான் ரெண்டாந்தாரம் கட்டுனாரு. எனக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுமுன்னு உங்களுக்குத்தான் தெரியாது. எம் பொண்ணுக்கு மாப்புள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம். இந்தச் சமயத்துல இதை மறுக்கா எழுத வேண்டாமுங்க."

பெரிய பாரத்தைச் சுமந்து கடல் தாண்டி வந்தவன் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் சுமக்கவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து, தெரிந்தே, கணக்காக அவள் தலையில் ஏற்றிவைத்தார்கள். என் அப்பா ஏற்றினார், தம்பி பிடித்துக்கொடுத்தான், நான் கப்பல் ஏறினேன். உண்மை தெரிந்தால் அவளை விட்டுவிடுவார்கள் என்று நம்பிய ஒரே முட்டாள் நான்தான். உண்மையை வைத்துக்கொண்டுதான் அவளை உள்ளறையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் குறுக்கே இரண்டு வரி இருந்தது.

"அக்காவுக்கும் படிச்சுக் காட்டுனேன். உங்களைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லுல. அங்க அந்த ஆத்தூர்க்காரி புள்ள பொழைச்சுதான்னு மட்டும் கேட்டு எழுதச் சொன்னா."

உடனே தம்பிக்குப் பதில் எழுதினேன். அவன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவான் என்று இனி எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். ராசிபுரத்துக்கு மேற்கே எங்கள் பக்கம் போகிறவர்கள் யாராவது, பழனிச்சாமி வீட்டு உள்ளறையில் இருக்கிற நல்லம்மாளிடம் நேராகப் போய் இதைச் சொல்லுங்கள்.

பிழைத்துவிட்டது அக்கா. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். இப்போது அடம் பிடித்து அழுதால் லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிறது.